காது இல்லாத கேமராவுக்கு ஒரு வார்

தினேஷ்,

நீ போய்ப் பதினொரு நாள் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் ஃபோனில் பேசும்போது, ஆக்லாந்தில் ஒரு கேமராக் கடைக்காரர் உன் கழுத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, இந்த வகைக்கு வார் மாட்டவே வழியில்லையே, யார் செய்து கொடுத்தது என்று கேட்டதாகச் சொன்னாய். "அம்மா, அந்த ஆளு பாக்லா மாதிரி, பைத்தியமாட்டம் அதையே திருப்பித் திருப்பிப் பாக்குறான். எப்படிப் பண்ணினதுன்னு எழுதி அனுப்பேன், அவனுக்குக் காட்டணும்" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் ஃபோன் கார்டில் நேரம் தீர்ந்துவிட்டது. அதுவும் நல்லதுதான். வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவியிருப்பேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று உனக்கே தெரியும்.

எழுதி அனுப்புகிறேன். ஆனால் அந்த வாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், உன் அப்பா ஏன் படம் எடுப்பதை நிறுத்தினார் என்பதையும் எழுதியாக வேண்டும். பதின்மூன்று வருடமாக நம் குடும்பத்தில் எல்லோரும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பதில் பொய். முந்தாநாள் வரை அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். உன்னை விமானம் ஏற்றுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது.

இதைத் தமிழில் எழுதுவது உனக்குச் சிரமம்தான். ஹிந்தியில் எழுதினால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே படித்து முடித்துவிடுவாய். அப்படிப் படிக்க வேண்டாம் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாயே, அதே போல் மெதுவாகப் படி. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கடைக்காரருக்கு வேண்டியது. மற்றக் கேமராக்களுக்கு இரண்டு தோளிலும் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும், காது மாதிரி. வாரின் இரண்டு முனையையும் அதில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். நம்முடையதற்குக் காது இல்லை. பக்கங்கள் இரண்டும் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். செய்தவர்கள் அதைத் தோல் உறைக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். உறையின் அடியிலிருந்து ஒரு திருகாணி கேமராவின் அடியில் இருக்கும் துளைக்குள் ஏறும். முக்காலியில் பொருத்துவதற்கான துளைதான் அது. வார் உறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அதாவது உறை இருந்தால்தான் வார், உறை போனால் கேமராவைக் கையில்தான் பிடிக்க வேண்டும். லௌட்டோகா சர்க்கரை மில்லில் வேலை பார்த்து ஊருக்குத் திரும்பிய ஆஸ்திரேலியர் ஒருவரிடமிருந்து உன் அப்பா அதை வாங்கியபோது உறை நன்றாக இருந்தது. நீ பதினான்கு வயதில் பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து அதை எடுத்தபோது நம் ஊர் ஈரம் தையலையெல்லாம் தின்றிருந்தது. உறை உன் கையிலேயே நான்கு துண்டாகப் பிரிந்தது. நினைவிருக்கும்.

ஆக்லாந்துக்குக் கொண்டுபோகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் வார் தேடினேன். உனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகத் தேடினேன். நூலகத்தில் வேலைக்கு நடுவே மதிய உணவு நேரத்தில் வெளியே போய்விடுவேன். ஃபோட்டோக் கடையில், "வளையமே இல்லையே தீதி, எதுல மாட்டச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் பக்கவாட்டில் வளையம் ஒட்டித் தருகிறேன் என்றார். எத்தனை நாள் தாங்கும் என்றேன். "தாங்குற வரைக்கும் தாங்கும்" என்றார். கட்டைவிரலால் திருகி ஏற்றும் கொக்கி ஒன்று கிடைத்தது. அதை அடியில் திருகி, கேமரா தலைகீழாகத் தொங்க, இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து பார்த்தேன். நடக்க நடக்கக் கேமரா மெல்லச் சுழல்கிறது. சுழலச் சுழலத் திருகாணி இளகுகிறது. அரை மணி நேரத்தில் முக்கால் சுற்று கழன்றிருந்தது. ஆக்லாந்தில் பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று அதை வைத்துவிட்டேன்.

கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரித் தார்ப்பாயும் கார் சீட்டும் தைக்கிற எப்பெலியிடம் போனேன். அவர் கைவீத்திக்காரர், இந்தத் தீவின் பூர்வகுடி, என் வயதுதான் இருக்கும். உன்னைவிட நல்ல ஹிந்தி பேசுவார். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பூலா, தீதி" என்று வணக்கம் சொன்னார். "கார் சீட்டா?"

"இல்லை, இதுக்கு வார்."

கேமராவை வாங்கி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதுக்குக் காதே இல்லையே. எங்க வீட்டுக்காரி பேசுறப்ப எனக்கும் இப்படித்தான்."

"தோல் வேண்டாம். முடிச்சும் வேண்டாம். எந்த இடத்திலயும் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது."

"தோல் வேண்டாம்னா புரியுது, கோயில் விஷயம். முடிச்சு மேல என்ன கோவம்?"

அவர் கையிலிருந்த கேமராவின் அடியில் உள்ள துளையைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்து ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் வரையத் தொடங்கினார். அவர் வரைந்ததுதான் இப்போது உன் கழுத்தில் இருப்பது. கேமராவின் அகலத்தைவிடச் சற்று நீளமான அலுமினியப் பட்டை. நடுவில் துளை. துளை வழியாகக் குட்டையான திருகாணி கேமராவின் அடிக்குள் ஏறுகிறது. திருகாணி ஒரு நூல் நீளமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பாகங்களைக் கிழித்துவிடும் என்பதால் அளந்து, அரத்தால் தேய்த்துக் குறைத்தார். பட்டையின் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்து கேமராவின் பக்கங்களை அணைத்து நிற்கின்றன. முனைக்கொரு பிளவு, கேமராவுக்கு அவர் வைத்த காதுகள். அந்தப் பிளவுகளில் பழைய கார் ஒன்றின் சீட் பெல்ட்டை நுழைத்து, மடித்து, லாரித் தார்ப்பாய்க்குப் போடும் நூலால் பெட்டி போல் கட்டம் போட்டுத் தைத்திருக்கிறார். பட்டைக்கும் கேமராவுக்கும் நடுவே சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் இருக்கிறது. திருகாணி இளகாமல் பிடித்து வைப்பது அதுதான். இரண்டு பக்கமும் பிடித்திருப்பதால் கேமராவும் சுழலாது. திருகாணியின் தலையில் நாணயம் வைத்துத் திருப்ப ஒரு கோடு அறுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை இறுக்கிப் பார். ரப்பர் வெடித்தால் மாற்று. கடைக்காரருக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ சிரித்தாயே, அந்த வாரில் நான் இரண்டு கிலோ பருப்பைக் கட்டிக் கதவு ஆணியில் ஒன்பது நாள் தொங்கவிட்டதற்கு. அது மட்டும் இல்லை. நீ விசா விஷயமாகச் சுவாவுக்குப் போன அன்று கேமராவை நானே கழுத்தில் போட்டுக்கொண்டு சவேனிக்கு பஸ்ஸில் போனேன். கடற்கரை நெடுக நடந்தேன். குனிந்தேன், ஓடினேன். முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் குதிப்பதை இரண்டு மீன்பிடிக்காரர்கள் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு படமும் எடுக்கவில்லை. கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை. விழுமா விழாதா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. விழவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உனக்காக அழுதேன் என்று வைத்துக்கொள்ளாதே. அது வேறு அழுகை.

இப்போது அதைச் சொல்கிறேன்.

முதல் ராணுவப் புரட்சி நடந்த வருடம் உனக்கு நான்கு வயது, எனக்கு இருபத்திரண்டு. மே மாதம் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கி நுழைந்தது. ஜூலைக்குள் உன் பெரியம்மா வீட்டில் பிரிஸ்பேனுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. அத்தானுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. இந்திய வம்சத்துக்காரர் என்பதால் இனி தனக்கு மேல் வரும் நாற்காலி எதுவும் தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போவதற்கு முன் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு பத்து நாள் விரதமிருந்தார். புதன்கிழமை விமானம், அதற்கு முந்திய ஞாயிறு தீமிதி. என் அப்பா, அம்மா, அக்கா குடும்பம், நாம் மூன்று பேர், தவுவாவிலிருந்து உன் கோவிந்தசாமி பெரியப்பா. எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கப் போகிற கடைசி நாள் அது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா அதற்கு முந்திய வாரமே புது ரோல் போட்டு வைத்திருந்தார். அக்காவின் வீடு, அவள் நட்ட கறிவேப்பிலை, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்து வாசல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். கோயிலில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்துக்காகக் கடைசி இரண்டு படத்தை மீதம் வைத்திருந்தார்.

தீக்குழி இருக்கும் வளவுக்குள் தோல் கூடாது என்று உனக்குத் தெரியும். செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாம் வெளியே. உன் அப்பா கேமராவின் உறையையும் கழற்றி வேலிக் கம்பியில் மாட்டினார். உறையோடு வாரும் போனது. தீ மிதித்து வருகிறவர்கள் கால் நனைக்கும் பால்குழிக்குத் தண்ணீர் சுமக்க அவரையும் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் இரண்டு கையும் வேண்டும். "இத எங்க வைக்கிறது?" என்று வெறும் கேமராவை வைத்துக்கொண்டு விழித்தார். நான்தான், கொண்டாங்க கட்டித் தர்றேன் என்று வாங்கினேன். அத்தானுக்காக மஞ்சள் நீரில் நனைத்து வைத்திருந்த துணியில் ஓரமாக ஐந்து முழம் கிழித்தேன். லென்ஸை மறைக்காமல், பார்சல் கட்டுவது போல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே முடிச்சிட்டு, கழுத்தில் போட வளையம் விட்டேன். ஈரத் துணி இறுக்கமாகப் பிடித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நிக்குமா?" என்றார்.

"நிக்கும். சாமி துணி, விடாது."

ஈரப் பருத்தி இறுகிப் பிடிக்கும், காய்ந்தால் தளரும் என்பதை நான் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்குத் தெரியாது. தீக்குழிப் பக்கம் நிற்பவர் மார்பில் ஒரு துணி எவ்வளவு சீக்கிரம் காயும் என்றும் யோசிக்கவில்லை. தெரியாமல் கட்டியது குற்றமில்லை, அதைக் குற்றமாக நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. குற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தீ மிதித்து முடிந்தது. அத்தான் பால்குழியைத் தாண்டி வந்தார். எல்லோரையும் தகரக் கொட்டகை ஓரமாக நிற்க வைத்து உன் அப்பா அந்த இரண்டு படத்தையும் எடுத்தார். எடுத்துவிட்டுக் கேமராவை மார்பில் தொங்கவிட்டார். அப்போது பார்த்தேன். குறுக்குத் துணி தொய்ந்திருந்தது. ஒரு பக்க மூலை துணியை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. நான்கு எட்டு வைத்துப் போய் இறுக்கியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"நீயும் உன் புருஷன்கிட்ட பேசுடி. இங்க என்ன இருக்கு இனிமே?"

"நாங்க இருக்கோம்ல. உனக்கு அது ஒண்ணுமே இல்ல."

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஓடுறவங்க ஓடுங்க. எங்களுக்கு வழி சொல்ல வேணாம்."

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். துணி தொய்ந்தது கண்ணில் இருந்துகொண்டேதான் இருந்தது. இவளிடம் தோற்றுப்போய் நகர்ந்த மாதிரி இருக்கும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த நேரம் நீ தணல் கிடந்த பக்கமாக ஓடினாய். உன் அப்பா ஒரே பாய்ச்சலில் வந்து குனிந்து உன்னை வாரி எடுத்தார். கேமரா துணிக்குள்ளிருந்து வழுக்கி, குழி ஓரத்துக் கல்லில் விழுந்தது. வெறும் துணி அவர் குனிந்த தலைவழியே கழன்று மண்ணில் விழுந்தது. பின் மூடி திறந்துகொண்டது.

அவர் உன்னை இறக்கிவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கேமராவின் மேல் கவிழ்ந்துகொண்டார். கைக்குழந்தையை மழையிலிருந்து மறைப்பது போல. மூடியை அழுத்தி மூடினார். ஆனால் ஆகஸ்டு மாதத்து நடுப்பகல் வெயில் அது, ரோல் முழுக்க வெளுத்துவிட்டிருந்தது. அக்காவின் வீடு, கறிவேப்பிலை, பள்ளிக்கூட வாசல், நாங்கள் எல்லோரும். அவர் கவிழ்ந்திருந்த நேரத்தில் நான் கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்தேன். அது அறுபடவில்லை. முடிச்சுகூட அவிழவில்லை, தொளதொளவென்று வளையமாகவே கிடந்தது. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எழுந்தவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நான் கழுத்துல தான போட்டிருந்தேன்? இல்ல, புள்ளைய எடுக்கறதுக்குக் கழட்டிக் கையில புடிச்சேனா?"

என்னைத்தான் கேட்டார். பக்கத்தில் அக்கா நின்றாள். மூன்று நாளில் போகப்போகிறவள், என்மேல் ஏற்கெனவே கோபமாக இருக்கிறவள். அவள் என்னைக் கடைசியாகப் பார்க்கும் பார்வை இதுவாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"கையிலதான் வச்சிருந்தீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. உன் கோவிந்தசாமி பெரியப்பா, எல்லோரும் அழாமல் இருப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன், சத்தமாகச் சிரித்தார். "மில்லுல ஃபிட்டர் வேல பாத்துப் பாத்து எண்ணெய்க்கையாப் போச்சுடா தம்பி உனக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். வேறு ரோல் இல்லை. சாலையில் ராணுவத்தின் சோதனைச் சாவடிகள் இருந்ததால் தூரத்துக்காரர்கள் பொழுதோடு கிளம்ப அவசரப்பட்டார்கள். புதன்கிழமை அக்கா போனாள். அதன்பின் நாங்கள் ஒன்றாக நிற்கவே இல்லை. அடுத்த வருடம் என் அம்மா கண்ணை மூடினாள், அதற்கு அடுத்த வருடம் அப்பா.

எண்ணெய்க்கை என்ற பெயர் தவுவாவிலிருந்து மில்லுக்குப் போய்விட்டது. அரை நூல் பிசகாமல் பேரிங் பொருத்துகிற மனிதரை அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கேமராவைத் துடைத்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். ஏன் எடுப்பதில்லை என்று கேட்பவர்களிடம் கையை விரித்துக் காட்டிச் சிரிப்பார். நீ சின்ன வயதில் தம்ளரைக் கீழே போட்டால், "அப்பா மாதிரி எண்ணெய்க்கை" என்று நீயே சொல்லுவாய். யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தாய், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அக்கா போய் ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டாள். அந்த ரோலில் ஒரு படமாவது தேறியதா என்று கேட்டிருந்தாள். உன் அப்பா ஹிந்திப் பள்ளியில் படித்தவர், அவருக்குத் தமிழ் எழுத வராது. "நான் சொல்றேன், நீ எழுது" என்று எதிரில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துச் சொன்னார். ஒன்றுகூடத் தேறவில்லை. பிள்ளையைத் தூக்கும் அவசரத்தில் கவனம் இல்லாமல் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

"'அக்கா, தப்பு என் கைமேலதான்'னு எழுது. எழுதிட்டியா?"

"ம்."

"வாசி."

வாசித்தேன்.

"அதுக்குக் கீழ ஒரு கோடு போடு. அவங்களுக்குத் தெரியணும்."

கோடும் போட்டேன். அளவுகோல் வைத்து நேராக. நான் நிறையப் புத்தகம் படித்தவள். வேலையே புத்தகங்களுக்கு நடுவில்தான். குற்றத்தை மறைத்தவர்கள், ஒப்புக்கொண்டவர்கள், ஒப்புக்கொள்ள நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரைப் பற்றியும் படித்திருக்கிறேன். அவர்களைப் பற்றிப் பிறரிடம் தெளிவாகப் பேசவும் தெரியும். அந்த மேசையில் எனக்கு எதிரே ஒரு மனிதர் என் தப்பைத் தன் தப்பென்று என்னையே எழுத வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுத்துப்பிழை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் ஏழு வருடம் அவர் இருந்தார். சொல்வதற்கு எத்தனையோ சாயங்காலங்கள் கிடைத்தன. நாள் போகப் போகச் சொல்வதற்கான விஷயம் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். பெரிதாகிக்கொண்டுதான் போனது. கேமரா விழுந்தது ஒரு நிமிடத்து விஷயம். சொல்லாமல் இருந்தது ஒவ்வொரு நாளும் புதிதாக நடந்தது. ஒரு காலை மில் வாசலில் மாரடைப்பு வந்து விழுந்தார். உனக்குப் பதினொரு வயது. அத்தோடு சொல்ல வேண்டிய ஆளும் போய்விட்டார்.

சென்ற மே மாதம் மறுபடி நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிடித்து வைத்தபோது, இந்தத் தெருவில் ஏழு வீட்டில் விளக்கு எரிந்தது. இப்போது மூன்று வீட்டில் எரிகிறது. நீயும் போகிறேன் என்று சொன்ன அன்று நான் மறுக்கவில்லை. ஓடுறவங்க ஓடுங்க என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தவள் நான். இரண்டாவது தடவை அது வாயில் வரவில்லை. என்னையும் கூட வரச் சொன்னாய். இங்கே நூலகம் இருக்கிறது என்றேன். அது காரணமில்லை என்று உனக்கும் தெரியும். இந்த ஊரில் நான் முடிக்காத வேலை ஒன்று இருந்தது.

விமான நிலையத்தில் அதை முடிக்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நீ கவனித்திருக்க மாட்டாய். உன் கோவிந்தசாமி பெரியப்பா உன் கழுத்தில் கேமராவைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டார். "டேய், உங்கப்பன் எண்ணெய்க்கை. நீயாவது கெட்டியாப் புடிச்சுக்க." நீ, "கையால எதுக்குப் புடிக்கணும் பெரியப்பா? அம்மா வார் கட்டிக் குடுத்திருக்கா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால் நானும் சிரித்தேன். நீ உள்ளே போனாய். அங்கே இங்கே என்று கை காட்டினாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருந்தது. திரும்பி பஸ்ஸில் வரும்போது என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன்.

முந்தாநாள் பிரிஸ்பேனுக்கு ஃபோன் செய்து அக்காவிடம் சொன்னேன். முடிவு வரை கேட்டாள். பிறகு, "அந்த லெட்டர் இன்னும் எங்கிட்ட இருக்குடி. கோடு போட்டது" என்றாள். அத்தான் ரிசீவரை வாங்கி, அப்புறமாகப் பேசுவாள் என்றார். இன்னும் பேசவில்லை. அவள் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் அது அவளுடைய உரிமை. உனக்கும் அதே உரிமை உண்டு, தினேஷ். நீ உடனே கூப்பிட்டு, பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிடாதே. அப்படிச் சொல்வாய் என்று பயமாக இருக்கிறது. உன் அப்பா சொல்லியிருப்பார், நீ அவர் பிள்ளை.

நீ வேறொருவருக்காக எதையாவது கட்டிக் கொடுத்தால், கொஞ்ச நேரம் கழித்துப் போய்த் தொட்டுப் பார். அந்த நேரம் யாரோடு என்ன சண்டை நடந்தாலும் நிறுத்திவிட்டுப் போ. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்தி இவ்வளவுதான்.

கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம் இது. கோயிலில் ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள் அல்லவா, பிரிஸ்பேன், ஆக்லாந்து, கனடா என்று போனவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார்களே, அது. தமிழ்ப் பக்கத்துக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று என்னை வருடா வருடம் கேட்பார்கள். என்னைப் பற்றி எழுதப் பிடிக்காது என்று நானும் வருடா வருடம் மறுப்பேன். இந்த வருடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். பொய்யை நான் உன் காதில் மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் சொன்னேன். இன்று பிள்ளைகள் யாரும் தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதில்லை. ஆனால் அன்று அந்தக் கொட்டகை ஓரத்தில் நின்று சிரித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் தமிழ் படிக்க வரும். அவர்கள் படித்தால் போதும்.

இதுவரை எழுதி நான்கு நாள் நிறுத்தி வைத்தேன். உன் பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரிவதில்லை. அச்சில் வந்தால் வேறு யாராவது படித்துச் சொல்லித்தான் அவர் கேட்க வேண்டும். அது சரியில்லை என்று இன்று காலை தவுவாவுக்குப் போனேன். பிள்ளைகள் கனடாவில், நிலத்தின் குத்தகை முடிகிற வருடம், மனிதர் தனியாக மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். "என்ன, ஆக்லாந்துக்காரன் அதுக்குள்ள கேமராவப் போட்டுட்டானா?" என்றார். உட்காருங்க, ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன். அடுப்பில் தண்ணீர் வற்றிக் கிழங்கு தீய்ந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

முடித்தபின் பாத்திரத்தை இறக்கித் தீய்ந்த கிழங்கைக் கரண்டியால் சுரண்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அவன் சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம உன்னோட இங்க வந்தான்" என்றார். "நீ டீ ஊத்திக் குடுத்த, அவன் கையில கப்பு கொஞ்சம் தளும்புச்சு. அப்பக்கூட நான் எண்ணெய்க்கைன்னுதான் சொன்னேன். எந்தம்பிகிட்ட நான் கடைசியாச் சொன்ன வார்த்த அதுதான்."

எனக்கு அது நினைவில்லை. அவருக்கு இருந்திருக்கிறது.

"இத அச்சுல போடலாமா?" என்று கேட்டேன்.

"போடு. ஒரு எழுத்து மாத்தாத." பிறகு, நான் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியதும் கூப்பிட்டார். "இந்தாம்மா. எம்பேரையும் போடு. முழுப் பேரா."

போட்டிருக்கிறேன்.

சிரித்தவர், கோவிந்தசாமி, தவுவா.
முடிச்சுப் போட்டவள், உன் அம்மா.